அலாட்மெண்டில் வந்த வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு போட்டோ போட்டாள். நாம் எல்லாரும் கவுனும் டவுசருமாகத் திரிந்த காலத்தில், சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர் இருந்ததே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. குடியரசு தின மேடையில் அவளுடைய அப்பா பெரிய அதிகாரி ஒருவர் கையால் கேடயம் வாங்குகிறார். கீழே, ‘எங்க அப்பா, மைன்ஸைக் காப்பாத்தின ஹீரோ’ என்று எழுதியிருந்தாள். அப்புறம் என்ன, ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டீர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அறுபதைத் தாண்டியும் எரியுமா என்று கேட்காதீர்கள், எரிகிறது. வாயைத் திறக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் நாங்கள் மனை வாங்கிக் கட்டிய இந்த வீட்டின் வாசலில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. அதனால் இந்த நீளக் கதையை எழுதுகிறேன். அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

ஏழாம் வகுப்பில் நமக்கு இங்கிலீஷ் எடுத்த சாரை மறந்திருக்க மாட்டீர்கள். டவுன்ஷிப்பில் அவருக்கு வெகுநாள் வீடு கிடைக்கவில்லை. இதே வடக்குத்தில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு, செம்மண் புழுதியோடு சைக்கிளில் வருவார். ‘அலாட்மெண்ட் வந்துதா சார்?’ என்று மற்ற வாத்தியார்கள் தினமும் கேட்பார்கள். அந்த எரிச்சலில்தானோ என்னவோ, அவர் நமக்கு வார்த்தைகளை அலாட்மெண்ட் செய்ய ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், முதுகு கிழிந்த அந்தத் தடித்த டிக்‌ஷனரியைத் திறந்து, ஒரு பிள்ளையை எழுப்பி, ‘இந்த வார்த்தை உனக்கு’ என்பார். அதற்கப்புறம் அந்த வார்த்தை அந்தப் பிள்ளையுடையது. கட்டுரையில் வேறு யாராவது எழுத வேண்டுமென்றால் அவனிடமோ அவளிடமோ கேட்டுத்தான் எழுத வேண்டும். ‘பியூட்டிஃபுல்’ வைத்திருந்த பையனுக்கு நாம் எத்தனை கொய்யாக்காய் அழுதிருப்போம். அலாட்மெண்ட் ஆன வார்த்தையை ஒரு மாதத்துக்குள் சரியான வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ‘வேகேட் பண்ணு’ என்று வாங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் சிரித்திருக்கும். வீடும் வார்த்தையும் மேலிருந்து ஒருவர் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு என்று நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அதனால் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ‘எஃபல்ஜென்ட்’ வந்தது. சுடர் விடுகிற என்று அர்த்தம். அவள் அம்மாவின் மூக்குத்தி எஃபல்ஜென்ட், விளக்கி வைத்த குடம் எஃபல்ஜென்ட், அனல்மின் நிலையத்து விளக்குகள் எஃபல்ஜென்ட். எனக்கு ‘டிலிஜென்ட்’ வந்தது. ஊக்கமாய் உழைக்கிற என்று அர்த்தம். மாட்டுக்குச் சொல்லலாம். அன்றைக்கே எனக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரை விடவில்லை. சுரங்கத்தின் அடியில் தேங்கும் மழைத் தண்ணீரை மேலே இறைத்து வெளியேற்றும் பம்புகளில்தான் என் அப்பாவுக்கு வேலை. பக்கத்து வீட்டு மாமாவும் அதே ஷிஃப்ட். ஒரு நாள் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயில் வேரும் சாக்குமாய் வந்து அடைத்து, பம்ப் நின்றுவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஷிஃப்ட்டில் இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா மேட்டுக்கு ஓடிப்போய்ப் போனில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னார். அப்பா முங்கி முங்கிக் கையாலேயே அடைப்பைப் பிய்த்தெடுத்தார். பம்ப் ஓடிற்று.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவரின் காதுக்குள்ளெல்லாம் களிமண். அம்மா கொண்டை ஊசியால் அதை நோண்டிக்கொண்டே திட்டினாள்.

“நீ ஒருத்தன்தான் அங்க வேல பாக்குறியா? புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?”

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இடத்தைப் பார்த்தாராம். குடியரசு தினத்தன்று மேடையில் கௌரவிக்க ஒரு தொழிலாளியின் பெயர் வேண்டும், யார் பெயரைக் கொடுக்கலாம் என்று ஷிஃப்ட் எஞ்சினியரைக் கேட்டாராம். எஞ்சினியர் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னாராம். அதை அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்.

“எஞ்சினியரு எம் மூஞ்சியப் பாத்துக்கினேதான் சொன்னாரு. இட் வுட் பி என்னமோ, டு நேம் ஒன் மேன். நடுவுல ஒரு வார்த்த மட்டும் வெளங்கல. மத்ததெல்லாம் வெளங்கிச்சு. ஒருத்தன் பேரச் சொல்றதுன்னா அப்படின்னு.”

“ஓம் பேரச் சொன்னாரா?” என்றாள் அம்மா.

“என்னப் பாத்துக்கினே சொன்னா வேற யாரு பேரு?”

அம்மாவுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒன் மேன் என்றால் என் அப்பாதான் என்று நானும் எடுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே பேசினேன்.

பொங்கல் முடிந்ததும் அப்பா மெயின் பஜாருக்குப் போய் வெள்ளைத் துணி எடுத்துச் சட்டை தைக்கக் கொடுத்தார். “இந்த ஊர்ல போயி வெள்ளச் சட்டையா? காத்து இந்தப் பக்கம் அடிச்சா சாம்பலு வந்து ஒக்காந்துக்கும்” என்று அம்மா சொன்னாள். சொன்னாளே தவிர, அந்தச் சட்டையை நீலம் போட்டு அலசி, கொடியில் காயப்போடாமல் வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்கு அடியில் காயப்போட்டாள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அவளே தேய்த்தாள், யாரையும் தொட விடவில்லை. அப்பாவுக்கு அப்படி ஒரு உடுப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விழாவில் நீங்களும் இருந்தீர்கள். ஒலிபெருக்கியில் சுரங்கம், மழை, பம்ப் என்று வந்ததும் அப்பா சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மா என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். அறிவித்தது பக்கத்து வீட்டு மாமாவின் பெயர். மாமாவே ஒரு கணம் திரும்பி எங்களைப் பார்த்தார், பிறகு எழுந்து போனார்.

யாரும் சதி செய்யவில்லை. அது பிறகு தெரிந்தது. எஞ்சினியர் பெயர் எதுவும் கொடுக்கவில்லை. மேலிடத்துக்கோ மேடைக்கு ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அங்கே யாருக்காவது தெரிந்த ஒரே பெயர், கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தவருடைய பெயர்தான். அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, எனக்கே தெரியாதுண்ணே. கூப்பிட்ட பொறவுதான்…”

“அட அதுக்கென்ன தம்பி. யாருக்கு வந்தா என்ன, நம்ம ஷிஃப்ட்டுக்கு வந்த பேருதான். உள்ள வா, காப்பி சாப்டு.”

மாமா உள்ளே வரவில்லை.

கேடயத்தோடு பதவி உயர்வும் வந்தது, பதவி உயர்வோடு வேறு பிளாக்கில் பெரிய வீடும் வந்தது. அந்த வீட்டைப் பார்க்க அம்மாவோடு நானும் போனேன். செம்பருத்தி வேலி, பின்னால் காய்த்துக் குலுங்கும் பலா, குளியலறையில் தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டும் பூவாளி. ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு மேசை. அவள் அம்மா திருநெல்வேலிக்காரி, பாசக்காரி. “ஏட்டி, நீயும் தினம் வந்து இதுல ஒக்காந்து படி” என்றாள். அந்த மேசையில் அவளுக்கு இடப்பக்கமாக, ஸ்டூல் போட்டு, விருந்தாளியாக நான் உட்கார வேண்டும். மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வரும் வழியில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “அந்தப் பலா மரத்துக்கு மட்டும் எவ்ளோ தண்ணி ஊத்துவாங்களோ.” என் பொறாமை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு இப்போது புரியும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் நான் வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன். “சார், அவளுக்கு எஃபல்ஜென்ட், எனக்கு டிலிஜென்ட்டா? அவளுக்கு மட்டும் ஏன் சார் எல்லாம் பெருசாவே குடுக்குறாங்க?”

சார் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். கேடயம், வீடு எல்லாம் அவருக்கும் தெரியும். அவருக்கே வீடு வராத வருஷம் அது. டிக்‌ஷனரியைப் புரட்டினார்.

“உனக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு. இன்விடியஸ். மீனிங், பொறாமை பிடித்த. டிலிஜென்ட்டை வேகேட் பண்ணிட்டு இதை வச்சுக்கோ. ஒரு மாசத்துல சென்டென்ஸ் வேணும்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீங்கள் சிரித்தீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது, சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து நம் பிளாக் முழுக்க நான்தான் இன்விடியஸ். இத்தனை வருஷம் கழித்தும், போன சந்திப்பில் ஒருத்தர் ‘எப்படி இருக்கீங்க இன்விடியஸ்?’ என்றுதான் கேட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வார்த்தையின் சத்தம் எனக்குப் பிடித்துவிட்டது. எஃபல்ஜென்ட்டை விட அழகாகவே இருந்தது. வீட்டில் அரிசி களைந்துகொண்டே அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றார்.

“என்னா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு.”

“இன்விடியஸ்.”

“இதான். அன்னிக்கு எஞ்சினியரு நடுவுல சொன்னாரே, இதேதான். இட் வுட் பி இன்விடியஸ் டு நேம் ஒன் மேன்.” ஒற்றை பூட்ஸோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அர்த்தம் என்னா?”

“பொறாமைப்பா. பொறாமை பிடித்தன்னு சார் சொன்னாரு.”

ஒருத்தர் பெயரைச் சொல்வது என்கிற சொல்லுக்கு முன்னால் பொறாமை என்று ஒரு சொல் நின்றால் என்ன ஆகும் என்று அப்பா கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரைக் கொடுக்கவில்லை, அது புரிந்துவிட்டது. அதை அவர் தாங்கிக்கொண்டார். வேறொன்றுதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

“அப்போ எங்களப் பாத்து பொறாம புடிச்சவனுங்கன்னாரா? ஒருத்தனுக்குக் குடுத்தா மத்தவன் வயிறெரிவான்னு, அப்படி எங்களக் கேவலமா நெனச்சாரா? எம் மூஞ்சியப் பாத்துக்கினா அதச் சொன்னாரு?”

நான் களைந்த அரிசியையே திரும்பக் களைந்தேன்.

“உங்க சாருகிட்ட இந்த வரிய அப்படியே சொல்லிக் கேட்டுகினு வா. இது மரியாதையான பேச்சா, எகத்தாளமான்னு. படிச்சவரு, அவருக்குத் தெரியும்.” அந்த வரியை எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு முழுசாகத் தெரிந்த இங்கிலீஷ் வாக்கியம் அது ஒன்றுதான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொன்னேன். இட் வுட் பி இன்விடியஸ் டு நேம் ஒன் மேன்.

சார் நெற்றியைச் சுருக்கினார். “இதுல பொறாமை எங்க இருக்கு? யாருக்கு யார் மேல? இட்ன்னா எது? எங்கிருந்து புடிச்ச இதை?”

“அப்பா சொன்னாரு சார்.”

“அப்பா எங்க வேலை பாக்குறார்?”

“பம்ப்ல சார்.”

“ம்” என்றார் சார். ராங் யூசேஜ் என்றார். வேகேட் என்றார். யாராவது சரியாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். ‘மை ஃப்ரெண்ட் இஸ் இன்விடியஸ் பிகாஸ் வி காட் எ பிக் ஹவுஸ்’ என்று, ஒரு தடங்கல் இல்லாமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள். வெரி குட் என்றார் சார். கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். என் வார்த்தை அவளுக்குப் போயிற்று. எஃபல்ஜென்ட்டும் அவளிடமே இருந்தது. சிலருக்கு இரண்டு வீடு.

அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் எனக்கு வழியெல்லாம் யோசனை. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“சார் என்ன சொன்னாரு?”

“கரெக்ட்டுன்னாருப்பா. ரொம்ப மரியாதையான வார்த்தையாம். எல்லாரும் சேர்ந்து பண்ணின வேலைக்கு ஒருத்தர் பேரை மட்டும் சொன்னா மத்தவங்களுக்கு நியாயம் இல்லன்னு அர்த்தமாம்.”

எங்கிருந்து அது என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னேன்.

அப்பா மூச்சு விட்டார். “அதான பாத்தேன். எஞ்சினியரு அப்படிப் பேசற ஆளு இல்ல.” குழாயடியில் கால் கழுவிக்கொண்டே, “கயித்தப் புடிச்சவன் கைய வுட்டிருந்தா நான் ஏது?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

அதற்காக அவர் மகான் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பஜாருக்கு நேர் ரோடு மாமாவின் புதிய பிளாக் வழியாகப் போகிறது. ரிடையர் ஆகும் வரை அப்பா ஒரு நாளும் அந்த ரோட்டில் சைக்கிள் விடவில்லை, சுற்றித்தான் போனார். வெள்ளைச் சட்டையைப் பிறகு போடவே இல்லை. அம்மா அதைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவளிடம் போட்டு ஒரு தூக்கு வாங்கினாள். அந்தத் தூக்கு என்னிடம் இருக்கிறது, சட்டைதான் இல்லை.

பல வருஷம் கழித்து, அப்பா போன பிறகு, என் மகளின் டிக்‌ஷனரியில் அந்த வார்த்தையைத் தேடினேன். அதுவரை தேடாததற்குக் காரணம் பயம். பொறாமைப்படுகிற ஆளுக்குச் சொல்கிற வார்த்தை அல்ல அது. பார்க்கிறவனுக்குப் பொறாமையும் மனக்கசப்பும் வரும்படி செய்கிற ஓரவஞ்சனைக் காரியத்துக்குச் சொல்கிற வார்த்தை. இரண்டு பேரை நிறுத்தி வைத்து ஒப்பிடுவது இன்விடியஸ். சேர்ந்து செய்த வேலையில் ஒருவரை மட்டும் பொறுக்கி எடுப்பது இன்விடியஸ். எடுத்துக்காட்டாகப் போட்டிருந்த வாக்கியத்தைப் பார்த்து நான் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். ஏறக்குறைய எஞ்சினியர் சொன்னதேதான். பொறாமை பிடித்த என்ற பொருளும் எப்போதோ இருந்து வழக்கொழிந்து போனதாம். சாரின் கிழிந்த டிக்‌ஷனரியில் அது இருந்திருக்கலாம், அவரையும் முழுக்கக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும் கேட்கிறேன், அந்த வகுப்பில் இன்விடியஸ் யார்? எனக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாக அளந்து கொடுத்துவிட்டு, எரிந்தவளுக்குப் பெயர் வைத்தவரா, எரிந்த நானா?

நான் அப்பாவிடம் சொன்ன பொய் உண்மையாகவே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல அவர் இல்லை. இருந்தால் மட்டும் என்ன, அவருக்கு அது பொய் என்றே தெரியாதே.

இதை எழுதத் தொடங்கியபோது அப்பாவின் பெயரை முழுதாக, இனிஷியலோடு எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவையாவது அந்தப் பெயர் பலர் முன்னால் வரட்டும் என்று டைப்பும் செய்தேன். பிறகு பார்த்தால், குரூப்பில் கயிற்றைப் பிடித்தவர்களின் பிள்ளைகள் நீங்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். எஞ்சினியரின் வரி குறுக்கே வந்து நின்றது. அழித்துவிட்டேன். அழிக்கும்போது எனக்குப் பெருமையாக இல்லை, பொறாமையாகத்தான் இருந்தது. அவளால் மட்டும் அத்தனை சுலபமாக எழுத முடிகிறது.

அதற்குப் பிறகுதான் அந்தப் போட்டோவை விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேடயத்துக்குப் பின்னால் கூட்டம். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. முகம் சின்னதாக, ஆனால் தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் அம்மா, அவள் தோளில் பாதி மறைந்து நான். அந்தச் சட்டையில் அப்பா இருக்கும் படம் உலகத்திலேயே இது ஒன்றுதான், அதுவும் அவள் வீட்டில். படத்தில் அப்பாவின் கைகள் மட்டும் கலங்கியிருக்கின்றன. அசையாமல் மடியில் வைத்திருந்தால் அவை அப்படிக் கலங்கியிருக்காது.

நீங்கள் எல்லாரும் அந்தப் படத்துக்குக் கைதட்டிவிட்டீர்கள், நான் மட்டும் தட்டவில்லை என்று நேற்று ஒருத்தர் எனக்குத் தனியாக மெசேஜ் போட்டிருந்தார். நான் தட்டப் போவதில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அன்றைக்கே தட்டிவிட்டார்.